தோட்டச் சட்டம் மாறிவிட்டது: எஸ்டேட் தொழிலாளி மருத்துவ உரிமையைக் காத்துக்கொள்வது எப்படி?

2025 நவம்பர் 21 முதல் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நடப்பில் இல்லை. பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. நீலகிரியின் கூடலூரிலோ கோத்தகிரியிலோ காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் "சட்டமே போச்சு, இனி ஆஸ்பத்திரி கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் நிர்வாகமே மருத்துவ வசதி தர வேண்டும், அல்லது ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். இரண்டையும் கைகழுவ வழியில்லை. நாம் விழித்திருக்க வேண்டியது அந்த 'அல்லது' விஷயத்தில்தான்.

உங்கள் எஸ்டேட் எந்த வழியில் போகிறது என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு ஆபீஸ் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இப்போது தருவதைவிட ஈ.எஸ்.ஐ. பலன் மேலானதாக இருந்தால்தான் தோட்ட நிர்வாகம் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது சமூகப் பாதுகாப்பு பற்றிய இன்னொரு தொகுப்புச் சட்டம். ஆகவே சம்மதிக்கும் முன் லைன் வீட்டிலிருந்து ஈ.எஸ்.ஐ. மருந்தகம் எத்தனை கிலோமீட்டர், ராத்திரியில் வண்டி கிடைக்குமா என்று கேளுங்கள். தோட்ட ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருந்தால் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம்.

சேர்ந்துவிட்டால் சம்பளச் சீட்டைப் பாருங்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம். நாள் கூலி 450 ரூபாய், 26 நாள் வேலை என்று வைத்தால் சம்பளம் 11,700. உங்கள் பிடித்தம் 88 ரூபாய், நிர்வாகம் கட்டுவது 381. உங்கள் பணத்தைப் பிடித்துவிட்டுக் கட்டாமல் விட்டால் சிகிச்சைக்குப் போகும்போதுதான் தெரியவரும். அதனால் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பெயரையும் சரிபாருங்கள்: ஆதாரில் 'முத்துலெட்சுமி', ஆபீஸ் பதிவில் 'முத்துலட்சுமி' என்றிருந்தால் முதல் வாரத்திலேயே திருத்துங்கள். வீட்டில் உள்ளவர்கள் ஒவ்வொருவர் பெயரும் ஏற வேண்டும்.

நீலகிரியில் அதிகம் இடறுவது நாள் கணக்கில்தான். நோய்க்கால உதவித்தொகைக்கு ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா, அதாவது ஈ.எஸ்.ஐ. பங்கு, கட்டியிருக்க வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரையான சந்தாவுக்குப் பலன் கிடைப்பது அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. ஆனால் சந்தா கட்டும் அந்த அக்டோபர்–மார்ச் மாதங்களில்தான் உறைபனி விழும், தேயிலைக் கொழுந்து குறையும், வேலை நாளும் குறையும். 77 நாளில் நின்றால், தென்மேற்குப் பருவமழையில் காய்ச்சல் கண்டு படுக்கும்போது அந்தத் தொகை கிடையாது. சம்பளத்தோடு கூடிய விடுப்பும் விடுமுறையும் நாள் கணக்கில் சேரும். அவற்றைச் சேர்த்து எண்ணுங்கள். பிப்ரவரி கடைசியில் ஒருமுறை எண்ணிப் பார்த்தால், மார்ச்சில் எத்தனை நாள் வேலை கேட்டு வாங்க வேண்டும் என்பது தெரியும். 78 நாள் நிறைந்தவருக்குச் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும்.

நிர்வாகம் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு ஈ.எஸ்.ஐ.யிலும் சேர்க்கவில்லை என்றால், சங்கத்தின் மூலமாகவோ தனியாகவோ தொழிலாளர் துறையின் தோட்ட ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள். மூடிய தேதியையும் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கையையும் அதில் எழுதி, முத்திரை வாங்கிய மனு, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்துக் கொடுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.