டாட்சன் 240இசட்: இரண்டு கார்ப்பரேட்டர்களையும் ஒரே மூச்சில் இழுக்க வைப்பது எப்படி

முன்பக்க மூன்று பிளக்குகளும் இளம் பழுப்பு. பின்பக்க மூன்றும் கரி அப்பியது போலக் கறுப்பு. ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது) என்ஜின் குலுங்குகிறது, ஆக்சிலேட்டரை மெதுவாக மிதித்தால் ஒரு நொடி திக்கிவிட்டுத்தான் ஏறுகிறது. என் 240இசட்டை (ஆறு சிலிண்டர் கொண்ட பழைய ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார்) பிரித்துச் சேர்த்து முதல்முறை ஓட்டியபோது இருந்த நிலை இதுதான். தீர்வு கிடைக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கட்டுரை 1970 முதல் 1972 வரையிலான 240இசட்டில் வந்த, மேல்பகுதி உருண்டையான ஹிட்டாச்சி கார்ப்பரேட்டர்களுக்கானது. கார்ப்பரேட்டர் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் பாகம். 1973 மாடலில் மேல்பகுதி தட்டையானவை வந்தன. புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்காகச் செய்யப்பட்ட அவற்றில், என்ஜின் சூடானதும் பெட்ரோல் ஆவியாகி வண்டி தடுமாறும். அதனால் பலர் அவற்றைக் கழற்றிவிட்டுப் பழைய உருண்டைகளையே தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டார்கள். உங்களிடம் தட்டையானவை இருந்தால் நானும் அதையே சொல்வேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்தால் போதும். இது எஸ்.யூ. என்ற பிரிட்டிஷ் வடிவமைப்பைப் பின்பற்றிய வகை. கார்ப்பரேட்டருக்குள் ஒரு பிஸ்டன் தன் எடையில் கீழே உட்கார்ந்திருக்கும். காற்று அதிகம் இழுக்கப்பட்டால் மேலே எழும். அதன் அடியில் கூர்ந்து மெலியும் ஊசி ஒன்று, பெட்ரோல் வரும் குழலான நாசிலுக்குள் இறங்கியிருக்கும். பிஸ்டன் எழ எழ ஊசியைச் சுற்றியுள்ள இடைவெளி பெரிதாகி, அதிகப் பெட்ரோல் வரும். 2,393 சிசி எல்24 என்ஜினில் முன் கார்ப்பரேட்டர் 1, 2, 3 சிலிண்டர்களுக்கும், பின் கார்ப்பரேட்டர் 4, 5, 6க்கும் ஊட்டுகிறது. பிளக் நிறம் மூன்று மூன்றாகப் பிரிந்து நின்றால் சந்தேகத்தை முதலில் கார்ப்பரேட்டர் மேல் வையுங்கள்.

முதலில் மற்றதைச் சரி செய்யுங்கள்

டேப்பட், பாயிண்ட், பிளக், டைமிங் எல்லாம் முடித்துவிட்டுத்தான் கார்ப்பரேட்டரைத் தொட வேண்டும். என்ஜின் குளிர்ந்த நிலையில் டேப்பட் (வால்வு) இடைவெளி இன்டேக் 0.20 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25 மி.மீ. இதில் தவறு இருந்தால் கார்ப்பரேட்டரில் எவ்வளவு திருகினாலும் பலன் இல்லை.

அப்புறம், பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். பழைய பெட்ரோல் ஹோஸ்களை எல்லாம் மாற்றிவிடுங்கள். கார்ப்பரேட்டருக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கொதித்துக்கொண்டிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

பிரித்தல்

ஒரு நேரத்தில் ஒரு கார்ப்பரேட்டரை மட்டும் பிரியுங்கள். மேலே உள்ள உருண்டை மூடியும் அதற்குள் இருக்கும் பிஸ்டனும் ஜோடியாகக் கடைந்து பொருத்தப்பட்டவை. முன்னதன் பிஸ்டன் பின்னதன் மூடிக்குள் போனால் பிறகு எதுவும் ஒத்துவராது. மூடியின் உட்புறத்தைக் கிளீனரும் மென்மையான துணியும் கொண்டு மட்டும் துடைக்க வேண்டும். எமரி தாள், கம்பித் தேய்ப்பான் இரண்டும் கூடவே கூடாது. பளபளப்பாக்குகிறேன் என்று உட்சுவரைத் தேய்த்துக் கெடுத்த மூடிகளைப் பார்க்கவே வருத்தமாக இருக்கும். வெளிப்புறத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மினுக்குங்கள்.

ஃப்ளோட் அளவு

கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் அறைக்குள் மிதந்து, அதன் மட்டத்தைக் கட்டுப்படுத்துவது ஃப்ளோட். அந்த ஃப்ளோட் அறையின் மூடியைத் தலைகீழாகப் பிடியுங்கள். பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி வால்வு மூடும் கணத்தில் மூடியின் உட்புறத்துக்கும் ஃப்ளோட் நெம்புகோலுக்கும் இடையே 14 முதல் 15 மி.மீ. இருக்க வேண்டும். இதற்குத் தனிக் கருவி வாங்க வேண்டாம். 14 மி.மீ. டிரில் பிட் ஒன்றை இடையில் நுழைத்துப் பாருங்கள், உரசிக்கொண்டு போனால் சரி. இல்லையென்றால் நெம்புகோலின் சின்ன நாக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வளையுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் கேட்டால் அது ஓட்டை, மாற்றியாக வேண்டும்.

ஊசியும் நாசிலும்

ஊசியின் தண்டில் எண் பொறித்திருக்கும். தொடக்க கால 240இசட்டுகளில் வந்தது என்-27. எதுவாக இருந்தாலும் இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும். பழைய வண்டி பல கை மாறி வந்திருக்கும், யாராவது ஒன்றை மட்டும் மாற்றியிருக்கலாம். ஊசியின் தோள்பட்டை, பிஸ்டனின் அடித்தளத்தோடு சமமாக நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும் பூட்டியதும் பிஸ்டனை விரலால் முழுக்க உயர்த்தி விடுங்கள். ‘டிக்’ என்று உலோகம் உலோகத்தில் மோதும் சுத்தமான சத்தம் கேட்க வேண்டும். நாசிலை மேலே ஏற்றி ஒருமுறை, கீழே இறக்கி ஒருமுறை கேளுங்கள். மேலே இருக்கும்போது மட்டும் சத்தம் மந்தமாக இருந்தால் ஊசி நாசிலின் சுவரில் உரசுகிறது என்று பொருள். நாசிலைத் தளர்த்தி நடுவில் நிறுத்தி மறுபடி கேளுங்கள். இதை டம்பர் எண்ணெய் (பிஸ்டனின் அசைவை மெதுவாக்க மேலே ஊற்றும் எண்ணெய்) ஊற்றுவதற்கு முன் செய்துவிடுங்கள், எண்ணெய் இருந்தால் பிஸ்டன் மெதுவாக இறங்கும், சத்தம் வராது.

எண்ணெயைப் பொறுத்தவரை 20 கிரேடு என்ஜின் ஆயில்தான் என் தேர்வு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் ஊற்றுபவர்கள் நிறைய இருக்கிறார்கள். அது மெல்லியது. ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பிஸ்டன் சட்டென்று எழுந்துவிடும், அந்த ஒரு கணத்துக்குத் தேவையான கூடுதல் பெட்ரோல் கிடைக்காது. என் வண்டியில் இரண்டையும் ஊற்றி ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

என்னை மூன்று வாரம் நிறுத்தி வைத்த இடம்

கலவையைச் சரிசெய்யும் நட், கார்ப்பரேட்டரின் அடியில் இருக்கிறது. அதை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, இரண்டரைச் சுற்று கீழே இறக்கினால் அதுதான் தொடக்க நிலை. மேலே போனால் லீன் (பெட்ரோல் குறைவு), கீழே வந்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்). நானும் அப்படித்தான் செய்தேன். பின் கார்ப்பரேட்டர் ரிச்சாகவே இருந்தது. அரைச் சுற்று ஏற்றினேன். மாற்றமில்லை. ஒரு சுற்று ஏற்றினேன். அப்போதும் கறுப்புப் புகை. ஊசியை மாற்றினேன், ஃப்ளோட்டைத் திரும்ப அளந்தேன், அந்தப் பக்கத்து ஃப்ளோட் அறையின் ஊசி வால்வைக்கூடப் புதிதாகப் போட்டேன்.

காரணம் சோக் கேபிள். இந்தக் கார்ப்பரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தகடு அல்ல. சோக்கை இழுத்தால் கேபிள் நாசிலையே கீழே இழுக்கும், அவ்வளவுதான். சோக்கை விட்டதும் ஸ்பிரிங் நாசிலை மேலே தள்ளி, அதன் தலை கலவை நட்டின் மேல் முட்டி நிற்க வேண்டும். என் பின் கேபிளை இரண்டு மி.மீ. அளவுக்கு இறுக்கமாகப் பூட்டியிருந்தேன். உள்ளே சோக் லீவர் முழுக்கத் தள்ளப்பட்டிருந்தாலும் நாசில் மேலே வந்து சேரவில்லை. நாசிலைத் தொடாத நட்டை நான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தது இப்படி: தரையில் படுத்து, டார்ச்சைக் கீழிருந்து அடித்தேன். முன் கார்ப்பரேட்டரில் நாசில் தலைக்கும் நட்டுக்கும் இடையே வெளிச்சமே இல்லை. பின்னதில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது. விரலால் நாசிலை மேலே அழுத்தினேன், என்ஜின் சத்தம் அந்த நொடியே மாறியது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது: டியூனிங் முடியும்வரை சோக் கேபிள்கள் இரண்டையும் கழற்றி வையுங்கள். நாசிலை விரலால் அழுத்தி முட்டுகிறதா என்று பாருங்கள். எல்லாம் முடிந்தபின் கேபிளை மாட்டும்போது கொஞ்சம் தளர்வு விட்டு மாட்டுங்கள். சோக்கை நாலைந்து முறை இழுத்துத் தள்ளிவிட்டு, டார்ச்சோடு மறுபடி படுத்துப் பாருங்கள்.

காற்றைச் சமப்படுத்துதல்

என்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ஏர் கிளீனரைக் கழற்றுங்கள். இரண்டு த்ராட்டில்களையும் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடுகள்) இணைக்கும் தண்டில் உள்ள பேலன்ஸ் திருகைத் தளர்த்தி, இரண்டும் தனித்தனியாக அசையும்படி செய்யுங்கள். பிறகு ஒவ்வொன்றின் ஐடில் திருகையும் மாற்றி மாற்றித் திருகி, இரண்டின் வாயிலும் வைக்கும் காற்று அளவி ஒரே எண்ணைக் காட்டும்வரை கொண்டுவாருங்கள். ஐடில் 750 ஆர்பிஎம்மில் நின்றால் நல்லது.

அளவியில், குண்டு மிதக்கும் யூனிசின் வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கார்ப்பரேட்டர் வாயைப் பாதி அடைத்துவிடும், வைத்ததும் என்ஜின் தடுமாறும், அந்தத் தடுமாற்றத்தில் எதை அளப்பது? டயல் உள்ள சிங்க்ரோமீட்டர் வாங்குங்கள். வாங்க முடியவில்லை என்றால் ஒரு ரப்பர் ஹோஸை ஒரு முனை காதிலும் மறுமுனை கார்ப்பரேட்டர் வாயின் ஒரே இடத்திலும் பிடித்து ‘ஸ்ஸ்’ சத்தத்தை ஒப்பிடலாம். பழகினால் நன்றாகவே வரும்.

ஐடிலில் சமமானதும் வேலை முடிந்தது என்று நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். வண்டி ஓடுவது ஐடிலில் இல்லையே. த்ராட்டிலைச் சுமார் 1,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்து, இப்போது பேலன்ஸ் திருகைக் கொண்டு இரண்டையும் மறுபடி சமப்படுத்துங்கள். மிதித்ததும் வரும் அந்தத் திக்கல் பெரும்பாலும் இங்கேதான் போகும்.

கலவை

பிஸ்டனைச் சுமார் ஒரு மி.மீ. மட்டும் உயர்த்துங்கள், அதற்கென்றே அடியில் ஒரு சின்னப் பின் இருக்கிறது. வேகம் லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. ஏறி அப்படியே நின்றால் ரிச், நட்டை மேலே ஏற்றுங்கள். விழுந்து அணையப் பார்த்தால் லீன், கீழே இறக்குங்கள். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். ஒன்றை மாற்றினால் மற்றதும் லேசாக நகரும், அதனால் இரண்டையும் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கும். முடித்ததும் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஆறு பிளக்கையும் கழற்றி வரிசையாக அடுக்குங்கள்.

பின்சேர்க்கை 1: ஃப்ளோட் அளவு சரியாக இருந்தும் பெட்ரோல் வழிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கேட்டால், இருவருமே எலெக்ட்ரிக் பம்ப் போட்டிருக்கிறார்கள். அந்த அழுத்தத்தை இந்த ஊசி வால்வு தாங்காது. ரெகுலேட்டர் போட்டு 3 பிஎஸ்ஐ அளவுக்குக் குறையுங்கள்.

பின்சேர்க்கை 2: மூன்று மிகுனி-சோலெக்ஸ் கார்ப்பரேட்டர்கள் போட்ட வண்டிக்கு இது பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதே காரின் ஜப்பானிய வகையான ஃபேர்லேடி இசட்432இல் எஸ்20 என்ஜினோடு வந்ததும் அந்த வகைதான். காற்றைச் சமப்படுத்தும் பகுதி பொருந்தும், கலவைப் பகுதி பொருந்தாது. அவற்றில் எழும் பிஸ்டனே கிடையாது, தனித்தனி ஜெட்கள்தான். உங்கள் ஹிட்டாச்சிகள் நல்ல நிலையில் இருந்தால் அவற்றைக் கழற்றிவிட்டு மூன்று கார்ப்பரேட்டருக்குப் போக அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

பின்சேர்க்கை 3: எல்லாம் செய்தும் ஐடில் ஒருநாள் 700, ஒருநாள் 1,100 என்று அலைகிறது என்றார் ஒரு வாசகர். த்ராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆடுகிறது. ஐம்பது வருடத்தில் தண்டும் துளையும் தேய்ந்து, அந்த இடுக்கு வழியாகக் காற்று புகுகிறது. என்ஜின் ஓடும்போது தண்டின் முனையில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். சில நொடிக்கு ஐடில் நிலைத்தால் சிக்கல் அங்கேதான். லேத்தில் துளையைக் கடைந்து புது புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) போட வேண்டும், அதுவரை ஐடில் திருகைத் தொட வேண்டாம்.