பிஎன்சி பார்க்கில் முதல் பேஸ்பால் ஆட்டம்: எங்கே உட்காருவது, எப்படிப் போவது?

பிட்ஸ்பர்க் வெங்கடேசுவரர் கோயிலுக்கு வரும் நம்மவர்கள் பலர், தரிசனம் முடித்து அப்படியே ஊர் திரும்பிவிடுகிறார்கள். கோடைக்காலமாக இருந்தால் ஒரு மாலையை, ஊரின் பேஸ்பால் அணியான பைரேட்ஸின் மைதானம் பிஎன்சி பார்க்குக்கு ஒதுக்குங்கள். பேஸ்பால் விதி ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

1. டிக்கெட்

இதில்தான் நான் கோட்டைவிட்டேன். களத்துக்கு எவ்வளவு கிட்டேயோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, முதல் பேஸ் பக்கம் (பந்தை அடிப்பவருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் வலப்பக்கம்) கீழ்வரிசையில் பணத்தைக் கொட்டினேன். ஆட்டக்காரர்கள் நன்றாகத் தெரிந்தார்கள். ஆனால் ஆறும் நகரமும் என் வலது தோளுக்குப் பின்னால் போய்விட்டன.

2001-இல் திறந்த இந்த மைதானம் அலெகேனி ஆற்றின் வடகரையில் இருக்கிறது. இதற்கு முன்பிருந்த த்ரீ ரிவர்ஸ் ஸ்டேடியம் நாலாபக்கமும் மூடிய கான்கிரீட் வட்டம். உள்ளே உட்கார்ந்தால் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே தெரியாது. புதியதை வடிவமைத்தவர்கள் ஆற்றுப் பக்கத்தைத் திறந்துவிட்டார்கள். அடிப்பவருக்கு எதிரே வலப்பக்கம் தொலைவில் இருக்கும் வலது களத்துக்கு அப்பால் ஆறு, மஞ்சள் பாலம், அக்கரையில் வானுயர்ந்த கட்டடங்கள்.

ஆகவே மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது எதிரே இடப்பக்கம், மேல்தளம். இருக்கைப் பகுதி எண் 300-க்கு மேல் இருந்தால் அது மேல்தளம். பிரதான அடுக்குகள் இரண்டே என்பதால் மிக உயரமான இருக்கைகூடக் களத்திலிருந்து 88 அடிதான். விலையும் குறைவு! இன்னொன்று: சொந்த அணியின் ஆட்டக்காரர்கள் உட்காரும் இடமும் மூன்றாம் பேஸ் பக்கமே. நல்ல காட்சியை அவர்களும் விட்டுக்கொடுக்கவில்லை.

2. போய்ச் சேருவது

காரை ஆற்றின் தென்கரையில், நகர மையத்திலேயே நிறுத்திவிட்டு நடங்கள். மஞ்சள் பாலம் என்றேனே, அந்த ராபர்ட்டோ கிளெமென்டே பாலத்தில் ஆட்ட நாட்களில் வண்டிகளை விடமாட்டார்கள். பாலம் முழுக்க மனிதர்கள்தான். நடக்க முடியாதவர்களுக்கு 'டி' ரயில் இருக்கிறது. நகர மையத்திலிருந்து நார்த் சைட் நிலையம் வரை கட்டணம் இல்லை.

பை விதிகள் அடிக்கடி மாறும். கிளம்பும் முன் அணியின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

3. உள்ளே போனதும்

சீக்கிரம் போய், வலது களச் சுவருக்குப் பின்னால் இருக்கும் ஆற்றோர நடைபாதையில் ஒரு நடை நடந்துவிடுங்கள். அந்தச் சுவரின் உயரம் 21 அடி. பாலத்துக்குப் பெயர் தந்த பைரேட்ஸ் ஆட்டக்காரர் கிளெமென்டேயின் சட்டை எண் 21. அவர் ஆடிய இடமும் வலது களம். 1972 டிசம்பர் 31 அன்று, நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்தார். அவருடைய சிலை பாலத்தின் அருகிலேயே நிற்கிறது.

அடிக்கும் இடத்திலிருந்து ஆறு சுமார் 443 அடி. ஆட்டத்தின்போது தரையில் படாமல் பந்தை நேராக ஆற்றில் முதலில் விழவைத்தவர் ஹூஸ்டன் அணியின் டேரில் வார்டு, 2002-இல். ஆம், எதிரணிக்காரர்!

4. சாப்பாடு

பியரோகி வாங்குங்கள். உருளைக்கிழங்கும் சீஸும் வைத்த, பிறை வடிவக் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளலாம். வெங்காயத்தோடு பன்றி இறைச்சி சேர்த்திருக்கிறார்களா என்று சைவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. ஆட்டத்தின் நடுவே பியரோகி வேடமிட்டவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். என் பையனுக்கு ஸ்கோர் மறந்துவிட்டது, அது மட்டும் நினைவிருக்கிறது.

5. ஆட்டம்

மூன்று பேர் அவுட்டானால் அடிக்கும் அணி மாறும். இப்படி ஒன்பது இன்னிங்ஸ். இப்போதைக்கு இது போதும். ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லாரும் எழுந்து பாடினால் பதறாதீர்கள், அது வழக்கம். பைரேட்ஸ் ஜெயிக்கும் என்று மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

இரவு ஆட்டம் என்றால் ஏப்ரலில் ஆற்றுக்காற்று குளிரும், ஸ்வெட்டர் வேண்டும். முடிந்ததும் முண்டியடிக்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். அக்கரை விளக்குகள் தண்ணீரில் தெரியும். அதற்குள் பாலத்தில் நெரிசலும் குறைந்திருக்கும்.