லீனாக் கதிரைக் காலையில் சரிபார்ப்பது எப்படி?

புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு தரும் இயந்திரமான லீனாக், தன் கதிரைத் தானே அளந்துகொள்ளும். அதன் தலைக்குள் இரண்டு அயனி சேம்பர்கள் (கதிர் பட்டதும் உள்ளிருக்கும் வாயுவில் உண்டாகும் மின்னூட்டத்தைக் கொண்டு கதிரை அளப்பவை) உண்டு. கேட்ட மானிட்டர் யூனிட் (எம்.யூ., லீனாக் தரும் கதிரை எண்ணும் அலகு) முடிந்ததும் முதலாவது கதிரை நிறுத்தும்; அது கோட்டைவிட்டால் இரண்டாவது நிறுத்தும். ஆனால் இவற்றின் அளவே நாளடைவில் நகர்ந்துபோனால் லீனாக்குக்குத் தெரியாது. அதனால்தான் காலையில் வெளியிலிருந்து ஓர் அளவு. பயிற்சிக்கு வந்திருப்பவர்களுக்காக, 6 எம்.வி. (மெகாவோல்ட்) ஃபோட்டான் கதிரை, அதாவது எக்ஸ் கதிரை, வைத்துச் சொல்கிறேன்.

படி 1: தேவையானவை: 0.6 சி.சி. ஃபார்மர் சேம்பர் (வெளியே வைத்து அளக்கும் அயனி சேம்பர்), அதன் மின்னூட்டத்தை அளக்கும் எலக்ட்ரோமீட்டர், உடம்புக்குப் பதிலாக வைக்கும் பிளாஸ்டிக் பேண்டம் பலகைகள், தெர்மாமீட்டர், காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர். எல்லாம் முந்தின இரவே சிகிச்சை அறைக்குள் இருப்பது நல்லது. பக்கத்து ஏசி அறையிலிருந்து அப்போதுதான் எடுத்துவந்த பேண்டம், தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலையில் இருக்காது.

படி 2: சேம்பருக்கு மேலே 5 செ.மீ., கீழே 10 செ.மீ. பலகை. கதிர்மூலத்திலிருந்து பலகையின் மேற்பரப்புக்கு 100 செ.மீ., புலம் (கதிர் விழும் பரப்பு) 10 × 10 செ.மீ. லேசர் கோடும் சேம்பரின் குறியும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும்.

படி 3: எலக்ட்ரோமீட்டரில் வழக்கமான மின்னழுத்தத்தைப் போட்டு, சில நிமிடம் விட்டு, ஜீரோ செய்யுங்கள். ஓரிரு முறை சும்மா கதிர் கொடுங்கள்; அந்த ரீடிங் வேண்டாம். அறையில் யாரும் இல்லை என்று பார்த்துக் கதவை மூடிய பிறகுதான் இதெல்லாம். அப்புறம் 100 எம்.யூ. வீதம் மூன்று ரீடிங். சராசரி 15.78 நானோகூலம் என்று வைத்துக்கொள்வோம்.

படி 4: புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். ஃபார்மர் சேம்பரில் வெளிக்காற்று போய்வரும் துளை உள்ளது. சூடு ஏறினாலும் காற்றழுத்தம் குறைந்தாலும் உள்ளே காற்று குறையும், ரீடிங்கும் குறையும். கதிர் என்னவோ அதேதான். திருத்தக் காரணி இது:

(273.2 + வெப்பநிலை) ÷ 293.2 × 101.325 ÷ அழுத்தம்

24 டிகிரி, 100.9 கிலோபாஸ்கல் என்றால் 1.018. ரீடிங்கை இதால் பெருக்கினால் 16.06. நம் பதிவேட்டில் உள்ள அடிப்படை அளவு 16.10, வித்தியாசம் கால் சதவீதம்கூட இல்லை. திருத்தாமல் பார்த்திருந்தால் 2 சதவீதம் குறைவு என்று பதறியிருப்போம்.

அழுத்தத்தை மொபைல் வானிலை ஆப்பில் பார்த்து எழுதாதீர்கள். அது கடல்மட்டத்துக்கு மாற்றிய எண். சென்னையில் பெரிதாகத் தெரியாது. பெங்களூரு ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அங்கே நிஜ அழுத்தம் 91 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும், ஆப் 101 என்று சொல்லும். கதிர் 10 சதவீதம் குறைந்துவிட்டது போலத் தோன்றும். அதை நம்பி லீனாக்கின் அளவைக் கூட்டினால், அந்தக் கூடுதல் நோயாளியின் உடம்பில் போய் இறங்கும். அறையில் உள்ள பாரோமீட்டரைத்தான் நம்ப வேண்டும். அதையும் அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

படி 5: அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 2009 அறிக்கைப்படி அடிப்படை அளவிலிருந்து விலகலுக்குத் தினசரி வரம்பு 3 சதவீதம், மாதாந்திரச் சோதனைக்கு 2. தாண்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது உங்கள் அமைப்பை: தூரம், புல அளவு, பலகை எண்ணிக்கை. ஒரு பலகையை வைக்க மறந்த காலை எனக்கும் உண்டு. எல்லாவற்றையும் பிரித்து, திரும்ப அடுக்கி அளந்த பிறகும் எண் வெளியே நின்றால், முதல் நோயாளியைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தலைமை இயற்பியலாளரை அழையுங்கள். லீனாக்கின் அளவை நீங்களாகத் திருத்த வேண்டாம்.