'மிகவும்' என்ற சொல்லுக்கு ஒரு வாரம் லீவு

சைதாப்பேட்டையில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்துகிறேன். இன்டர்வெல் மணி அடித்தால் போதும், வராந்தா முழுக்க உயர்வு நவிற்சி அணிதான், அதாவது உள்ளதை மிகைப்படுத்திச் சொல்வது. "பசி உயிர் போகுது", "நூறு தடவ சொல்லிட்டேன்டா", "அவ கத்துனதுல காதே கிழிஞ்சிருச்சு". அதே பிள்ளைகள் கட்டுரை நோட்டைத் திறந்தால், "பேருந்தில் மிகவும் கூட்டமாக இருந்தது" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். வாயில் இருப்பது கைக்கு வராதது அவர்கள் குற்றமில்லை. அணி என்றாலே மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்வது என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

அதனால் நான் இலக்கணத்தில் தொடங்குவதில்லை. வீட்டில் காதில் விழுந்த மிகைப் பேச்சு ஐந்தை, பேசியபடியே எழுதி வரச் சொல்வேன். பாட்டிகள் சொன்னதுதான் எப்போதும் முதலிடம் பிடிக்கும். எல்லாவற்றையும் போர்டில் எழுதிய பிறகு அணியின் பெயரைச் சொன்னால் போதும். அந்த வாரம் முழுக்க 'மிகவும்', 'ரொம்ப', 'அதிகமாக' மூன்றுக்கும் லீவு.

அடுத்த நாள்தான் உண்மையான வேலை. முதலில் கண்ணால் பார்த்த ஒன்று வேண்டும். அதைப் பிடித்துத்தான் இழுக்க முடியும். பஸ் கூட்டத்தைப் பற்றி எழுதிய மாணவியிடம், "உன் கை எங்கே இருந்தது?" என்று கேட்டேன். "மேல கம்பியில, மிஸ்." "கால்?" "ஒரு கால்தான் மிஸ் கீழ இருந்துச்சு." அந்த இன்னொரு கால் போதும் எங்களுக்கு. அது எப்போது தரைக்கு வந்தது என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தவள் எழுதினாள்: "சைதாப்பேட்டையில் ஒரு காலைத் தூக்கினேன். பனகல் பார்க் வரை அதைக் கீழே வைக்க இடம் கிடைக்கவில்லை."

'எள் விழ இடமில்லை' என்று எழுதினால் தவறா என்று கேட்பார்கள். தவறில்லை. ஆனால் அது ஊர்ச்சொத்து. உன்னுடையது ஒன்றைக் கொடு என்பேன்.

பிள்ளைகள் அதிகம் வழுக்குவது எண்களில். கத்திரி வெயிலைப் பற்றி ஒருவன் "ஒரு கோடி டிகிரி" என்று எழுதினான். கோடியை யாரும் பார்த்ததில்லை, அதனால் படிப்பவருக்குச் சுடாது. உங்கள் மொட்டைமாடியில் என்ன இருந்தது என்று கேட்டால், பாட்டி போட்ட வடாம் என்றான். "பாட்டி வடாம் எடுக்கப் போனபோது அது பொரிந்தே இருந்தது" என்று வாக்கியம் மாறியது.

இதற்குப் பிறகு குறளுக்குப் போனால் நன்றாக ஒட்டும். 1120-வது குறள்: "அனிச்சமும் அன்னத்தின் தூவியும் மாதர் அடிக்கு நெருஞ்சிப் பழம்". நகரத்துப் பிள்ளைகள் பலருக்கு நெருஞ்சி தெரியாது. மைதானத்து ஓரத்திலிருந்து ஒரு முள்காயைக் கொண்டுவந்து, உள்ளங்கையில் வைத்து மெதுவாக அழுத்திப் பார்க்கச் சொல்வேன். "ஸ்ஸ்" என்ற சத்தம் பெஞ்சு பெஞ்சாக நகரும். முகர்ந்தாலே வாடும் பூவும் அன்னத்தின் இறகும் இவள் பாதத்துக்கு இப்படிக் குத்துமாம் என்றால், அதன் பிறகு விளக்கமே தேவைப்படாது.

அணி இலக்கண நூலான தண்டியலங்காரம் இதை அதிசய அணி என்கிறது. உலக வரம்பைக் கடக்காமல், ஆன்றோர் வியக்கும்படி சொல்ல வேண்டும் என்று அங்கேயே எல்லையும் போட்டிருக்கிறது. பிள்ளைகளிடம் நான் இதை ஒரு கேள்வியாக மாற்றிக் கொடுப்பேன்: கேட்பவர் "அடேங்கப்பா" என்பாரா, "போடா" என்பாரா? பக்கத்துப் பெஞ்சுக்குப் படித்துக் காட்டினால் உடனே தெரிந்துவிடும்.

எங்கே கூடாது என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். விடுப்பு விண்ணப்பம், செய்தி அறிக்கை இரண்டிலும் வேண்டாம். இன்னொன்று எனக்கு முக்கியம். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது எங்கள் பகுதி பட்ட பாட்டை வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்கள். அதைக் கேட்டு எழுதிய ஒரு மாணவி "வானம் வரை தண்ணீர்" என்று போட்டிருந்தாள். பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஃப்ரிட்ஜ் மிதந்துச்சாம், மிஸ்." அதை மட்டும் எழுதச் சொன்னேன். ஒருவர் பட்ட துன்பத்துக்கு உண்மையே போதும்.

திருத்தும்போது சிவப்பு மையில் 'மிகை' என்று எழுதாதீர்கள். ஓரத்தில் 'அப்புறம்?' என்று எழுதிப் பாருங்கள், பிள்ளை தானே இன்னொரு அடி போகும். தண்ணி லாரி பற்றி ஒரு பையன் எழுதியிருந்தான்: "நான் ஆறாவது படிக்கும்போது அம்மா குடத்தை வரிசையில் வைத்தார். எங்கள் முறை வந்தபோது எனக்கு மீசை முளைத்திருந்தது." 'அப்புறம்?' என்று போட்டுக் கொடுத்தேன். மறுநாள் கீழே ஒரு வரி சேர்ந்திருந்தது: "குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன், யாருப்பா நீ என்று கேட்டார் அம்மா."