பானெட்டில் வென்ட் வெட்டுவது: குன்னூர் ஏற்றத்துக்கு ஒரு செய்முறை

கல்லாறு தாண்டியதும் ஏற்றம் ஆரம்பம். முன்னால் ஒரு பஸ், இரண்டாம் கியர், இருபது கிலோமீட்டர் வேகம். பர்லியாறு வருவதற்குள் டெம்பரேச்சர் முள் ஏறுகிற ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரும்பாலும் ஒரே கோளாறுதான். ரேடியேட்டர் வழியாக உள்ளே வந்த காற்றுக்கு வெளியே போக வழி இல்லை. அந்த வழிதான் வென்ட், பானெட்டில் வெட்டும் காற்றுத் திறப்பு. மூக்கு தாழ்வு, எஞ்சின் அறை நெருக்கம்.

வெட்டும் முன் மூன்றைப் பாருங்கள்: தெர்மோஸ்டாட் (சூடானதும் கூலன்டுக்கு வழி திறக்கும் வால்வு), ரேடியேட்டர் அடைப்பு, ரேடியேட்டர் மூடி. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் வெறும் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். 0.9 பார் மூடி ஒழுங்காக அழுத்தம் பிடித்தால் சுமார் 115 வரை தாங்கும். மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் எத்தனை வென்ட் வெட்டினாலும் கொதிக்கும். அடுத்து, ஃபேன் ஷ்ரவுடுக்கும் (ஃபேனைச் சுற்றியுள்ள கூடு) ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள சந்துகளை ஃபோம் பட்டை ஒட்டி அடையுங்கள். இருபது கிலோமீட்டர் வேகத்தில் காற்றை இழுப்பது ஃபேன் மட்டுமே. சந்து இருந்தால் எஞ்சின் அறையின் சூடான காற்றையே அது திரும்பத் திரும்பச் சுற்றவிடும்.

எங்கே வெட்டுவது

ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு சாண் தூரத்துக்குள், இடமும் வலமும் ஒவ்வொன்று. முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம், அங்கே காற்றழுத்தம் அதிகம். பானெட்டின் பின்பக்கம் வாஷர் வைத்துத் தூக்கிவிடும் பழக்கம் உண்டு. வேகத்தில் போகும்போது அதனால் காற்று வெளியேறாது, உள்ளேதான் வரும்.

சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். மெல்லிய டியூபை 'ப' வடிவில் கவிழ்க்காமல் நிமிர்த்தி வளைத்து, கலர் தண்ணீர் ஊற்றி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். ஒரு முனை எஞ்சின் அறையில், மறுமுனை பானெட்டின் மேல் தட்டையாக. காரமடைப் பக்கம் சமதளத்தில் சீராக 60-ல் போகும்போது பானெட் பக்கத்துத் தண்ணீர் ஏறினால் அது நல்ல இடம். வித்தியாசம் சில மில்லிமீட்டர்தான் தெரியும். மலையில் வண்டி சாயும், அங்கே இந்தச் சோதனை எடுபடாது.

வெட்டுவது

ஒரிஜினல் பானெட்டில் கை வைக்காதீர்கள். பழைய ஸ்பேர் கடையில் இன்னொன்று வாங்கி அதை வெட்டுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றியது. கேள்வி வந்தால் பழையதை மாட்டிக்கொள்ளலாம்.

பலர் சொதப்புவது இங்கேதான். மேலிருந்து பார்த்தால் பானெட் ஒரே தகடு. கீழே எலும்புக்கூடு மாதிரி இன்னொரு தகடு இருக்கிறது. மேலே அழகாகக் குறித்து வெட்டினால் அந்த எலும்பும் சேர்ந்து அறுபடும். பிறகு வேகத்தில் பானெட் படபடவென்று துடிக்கும். அதனால் பானெட்டைக் கழற்றிக் கவிழ்த்துப் போடுங்கள். எலும்புகளுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தில் 280 × 120 மி.மீ. அட்டையை வைத்து, நான்கு மூலையிலும் கீழிருந்து மேலாக 3 மி.மீ. துளை போடுங்கள். அந்தத் துளைகளை வைத்து மேலே கோடு போடுங்கள். அட்டை பொருந்தாவிட்டால் அட்டையைச் சின்னதாக்குங்கள், எலும்பைத் தொடாதீர்கள்.

மூலைகளை 25 மி.மீ. ஹோல் சாவால் (டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்) வட்டமாக்குங்கள். கூரான மூலையிலிருந்துதான் விரிசல் ஓடும். நடுவே ஜிக்சா, அங்குலத்துக்கு 24 பல் உள்ள மெட்டல் பிளேடு. கிரைண்டர் வேகமாக வெட்டும், ஆனால் பெயின்ட்டைச் சுட்டுவிடும், பொறி பட்ட கண்ணாடியில் புள்ளி விழும். வெட்டிய விளிம்பை அரம் போட்டு அன்றே ஜிங்க் பிரைமர் இரண்டு கோட் அடியுங்கள். குன்னூர்ப் பனியில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் செம்மண் நிறம்.

பிளேடுகள்

வென்டின் திறப்பில் சாய்வாக நிற்கும் பட்டைகள் இவை. 1.2 மி.மீ. அலுமினியத் தகடு. ஒவ்வொரு வென்டுக்கும் நான்கு பிளேடு, 30 மி.மீ.க்கு ஒன்று, 35 டிகிரி சாய்வு, முன்விளிம்பு கீழே, பின்விளிம்பு மேலே. பிளேடின் அகலம் 45. அந்தச் சாய்வில் அது 37 மி.மீ. நீளத்தை மூடும். அதனால் ஒன்றின் மேல் ஒன்று 7 மி.மீ. ஏறி நிற்கும், நேராக விழும் மழை உள்ளே போகாது.

ஆனால் பிளேடில் விழுந்த தண்ணீர் சாய்வில் இறங்கி எஞ்சினுக்குள்தானே சொட்டும்? அதற்குத்தான் தகட்டை 51-ஆக வெட்டி, கீழ்விளிம்பில் 6 மி.மீ.யை மேல்நோக்கி மடிக்கச் சொல்வது. சின்ன ஓடை மாதிரி ஆகிவிடும். பானெட்டின் பக்கச் சரிவில் தண்ணீர் ஓரத்துக்கு ஓடும். அங்கே 8 மி.மீ. டியூப் ஒன்றை வைத்து ஆல்டர்னேட்டர், காயில் இரண்டுக்கும் விலகி இறக்குங்கள்.

வென்டின் முன்விளிம்பில் 12 மி.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு மடிப்பு வையுங்கள். வேகத்தில் போகும்போது அதன் பின்னால் அழுத்தம் குறைந்து உறிஞ்சும். மலையேற்ற வேகத்தில் பெரிய பலன் இல்லை.

பிளேடுகளைத் தாங்கும் ஃபிரேமுக்கு எம்5 ரிவ்நட் (தகட்டுத் துளையில் பதிக்கும் நட்), துளை 7 மி.மீ. பாப் ரிவெட்டைவிட இதுவே மேல், கழற்றிச் சுத்தம் செய்யலாம். அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் அரிக்கும். நடுவே பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) கட்டாயம்.

வலை

கீழ்ப்பக்கம் 6 மி.மீ. கண் உள்ள அலுமினிய வலை. கொசுவலை போட்டால் காற்று பாதி அடைபடும். வலையே போடாவிட்டால் தைல மரத்துச் சருகு உள்ளே விழுந்து எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் உட்காரும். எண்ணெய்ப் பசை உள்ள இலை, முதலில் வாசனை வரும், பிறகு புகை. சருகு காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். இரவில் நிறுத்தும்போது மேலே ஒரு மூடி வையுங்கள்.

பிறகு சேர்த்தது: வென்ட் போட்டதும் காருக்குள் இனிப்பான வாடை வருவதாகச் சிலர் சொல்கிறார்கள். அது கூலன்ட் கசிவு. முன்பு அடியில் போய்க்கொண்டிருந்த ஆவி இப்போது பானெட் மேலேறி, கண்ணாடிக்கு அடியில் உள்ள ஏசி காற்றுவாயில் நுழைகிறது. குற்றவாளி வென்ட் இல்லை, ஹோஸ் கிளிப்பைப் பாருங்கள்.

வென்டின் பலனைச் சோதிக்க ஓபிடி ரீடர் (காரின் கணினியில் சொருகி வெப்பம் முதலியவற்றைப் படிக்கும் கருவி) போதும். ஒரே நாளில், ஒரே ஏற்றத்தில், ஏசி ஓட, ஒருமுறை வென்டை டேப் போட்டு மூடியும் ஒருமுறை திறந்தும் கூலன்ட் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே போனதும் ஐட்லிங்கில் ஃபேன் ஓடும்போது இரண்டு வென்டுக்கும் மேலே உள்ளங்கையைக் காட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடு குறைவாக இருந்தால், அந்தப் பக்கத்து ஷ்ரவுட் ஃபோம் விட்டிருக்கும்.