பையன் சாரணர் படையில் சேர்ந்துவிட்டானா? முதலில் இதைப் படிங்க

பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பெண்கள் சாரணியர், பொடிசுகளில் பையன்கள் குருளையர், பெண்கள் நீலப்பறவையர். அதை விடுங்க, படைக்குள் யார் யார் என்பதுதான் குழப்பும். ஆறு முதல் எட்டு பேர் சேர்ந்தது ஓர் அணி, பெரும்பாலும் விலங்கு, பறவை பெயரில் இருக்கும். அப்படிச் சில அணிகள் சேர்ந்தால் ஒரு படை. சட்டைப்பையில் இரண்டு பச்சைப் பட்டை இருந்தால் அணித்தலைவர், ஒன்று என்றால் துணை அணித்தலைவர். முகாமில் ஏதாவது வேண்டுமென்றால் நேரே சாரண ஆசிரியரிடம் ஓடாமல் முதலில் அணித்தலைவரிடம் சொல்லச் சொல்லுங்க, ஏனென்றால் அணித்தலைவர்கள் கூடும் கோர்ட் ஆஃப் ஹானர் என்ற கூட்டத்தில்தான் படையின் உள்விவகாரங்கள் பேசி முடிவாகும். அப்புறம் பிரவேஷ், பிரதம சோபான், துவிதிய சோபான், திருதிய சோபான் எல்லாம் படிப்படியான தேர்வுகள். ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது அதற்குப் பிறகுதான், அவசரப்படுத்தாதீங்க.