வீடியோ இணைப்போடு நொடியையும் கொடுங்கள்

விம் எடிட்டருக்கு (விசைகளாலேயே கட்டளையிட்டு எழுத்தைத் திருத்தும் மென்பொருள்) வீடியோவைக் காட்டிப் பாடம் எழுதும்போது முழு வீடியோவின் இணைப்பைக் கொடுக்காமல், நீங்கள் விளக்கும் கட்டளை வரும் நொடியிலிருந்தே ஓடும்படி கொடுங்கள். கணினியில் யூடியூபை அந்த இடத்தில் நிறுத்தி, ஷேர் அழுத்தி, ‘ஸ்டார்ட் அட்’ பெட்டியில் டிக் போட்டு நகலெடுத்தால் போதும்; 12:34 என்றால் இணைப்பின் கடைசியில் 754 என்று நொடிக்கணக்கில் வந்து நிற்கும். இரண்டு மூன்று நொடி முன்னாலேயே தொடங்க வையுங்கள், இல்லாவிட்டால் முதல் விசை தப்பிவிடும்.

வீடியோ ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு உதாரணம்: விம்மில் கண்ட்ரோல்-வி அழுத்திப் பல வரிகளைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டோடு ‘I’ விசையை அழுத்தித் தட்டினால், எழுத்து முதல் வரியில் மட்டும்தான் தெரியும், எஸ்கேப் அழுத்திய பிறகுதான் மற்ற வரிகளிலும் வரும். இதை எழுத்தில் மட்டும் படிப்பவர் ஏதோ தப்பாகிவிட்டது என்று பாதியிலேயே விட்டுவிடுவார், பத்து நொடி பார்த்தால் பிடிபட்டுவிடும். விசைகளை எழுத்திலும் கட்டாயம் போடுங்கள், அப்புறம் தேடி எடுக்க அதுதான் உதவும்.

வீடியோ போட்டவர் பின்னாளில் முன்பகுதியை வெட்டினால் நேரம் தவறிவிடும். பக்கத்துக்குள்ளேயே பதித்த வீடியோவுக்கும் இந்த இணைப்பு சரிவராது, அங்கே நொடியை ‘ஸ்டார்ட்’ என்று தனியாகக் கொடுக்க வேண்டும்.